ஆம்ஸ்ஹவுஸ் என்றால் பிச்சைக்கார மடமா? பெரியப்பா கேட்கிறார்

18 அக்டோபர் 2025, இரவு 9.10 | வைகைக்கரையான் கேட்டது

பெரியப்பாவுக்கு 74 வயது. இங்கிலாந்தில் தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார், வாடகை வீடுதான். பெரியம்மா போய் மூன்று வருடம், பிள்ளைகள் இல்லை. இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகக் கடிதம் அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "நம்ம ஊர் ஆம்ஸ்ஹவுஸில் ஒன்று காலியாக இருக்கிறது, எழுதிப் போடு" என்று விண்ணப்பத் தாளையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பெரியப்பா அகராதியைப் புரட்டினார். 'ஏழைகளுக்கான தரும விடுதி' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், "வாழ்நாள் முழுக்க வரி கட்டியவன் பிச்சைக்கார மடத்தில் போய்ப் படுப்பதா" என்று தாளைத் தூக்கி எறிந்துவிட்டார். எனக்கும் அது முதியோர் இல்லத்துக்கு இன்னொரு பெயர் என்றுதான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 அக்டோபர், இரவு 11.40 | கடைமடை

முதியோர் இல்லம் இல்லை. தனி வீடு, தனிக் கதவு, சாவி அவர் பையில். சமையலும் அவருடையதே. தாளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மீதி நாளை.

19 அக்டோபர் | கடைமடை

நான் இங்கே ஒரு சந்தை ஊரில் ஆம்ஸ்ஹவுஸ் அறக்கட்டளை ஒன்றுக்கு நான்கு வருடம் கிளார்க்காக இருந்தவன். நம் கோயில்களில் அறங்காவலர் குழுவும் அதற்கு ஒரு நிர்வாக அதிகாரியும் இருக்கிறார்கள் அல்லவா, அந்த நிர்வாக அதிகாரிதான் இங்கே கிளார்க். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, பதினான்கு வீடுகள். ஒரு புல்தரையைச் சுற்றி மூன்று பக்கமும் மாடியில்லாத செங்கல் வீடுகள். நிலைக்கதவு தாழ்வு, ஆறடிக்காரன் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பெரிய அலமாரி அளவுக்கு ஒரு அடுப்படி. நான் போன முதல் வாரமே நெற்றியில் புடைப்பு.

இந்த மாதிரி அறக்கட்டளைகள் இந்த நாட்டில் சுமார் 1,600. வீடுகள் 30,000-க்கு மேல். பெரும்பாலானவை எங்களுடையதைப் போலச் சின்னவை, பத்துப் பதினைந்து வீடு. எப்போதோ ஒரு வியாபாரியோ, ஒரு பாதிரியாரோ, ஒரு விதவைச் சீமாட்டியோ 'இந்த ஊர் ஏழை முதியவர்களுக்கு' என்று நிலமும் பணமும் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பத்திரம்தான் இன்றைக்கும் ஆள்கிறது.

சும்மா தருகிறார்களா என்றால், இல்லை. வாராவாரம் பணம் கட்ட வேண்டும். ஆனால் அதை வாடகை என்று சொல்லிவிடக் கூடாது! முதல் கூட்டத்தில் நான் 'வாடகை பாக்கி' என்று ஆரம்பித்தேன், தலைவர் இருமினார். மறுபடி 'வாடகை' என்றேன், மறுபடி இருமினார். சளி என்று நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்திலிருந்தவர் தாளில் எழுதிக் காட்டினார்: 'வாராந்திரப் பராமரிப்புப் பங்களிப்பு'. ஏன் இவ்வளவு நீளப் பெயர் என்பது பெரிய கதை, தனியாகச் சொல்கிறேன். தொகை வெளிச் சந்தை வாடகையைவிடக் கணிசமாகக் குறைவு. வருமானம் போதாதவருக்கு அரசின் வீட்டு உதவித்தொகை இதற்கும் கிடைக்கும்.

19 அக்டோபர், சற்றுப் பிறகு | கடைமடை

விட்டுப்போனது. பெரியப்பா நேரில் போனால் 'அல்ம்ஸ்' என்று சொல்ல வேண்டாம். 'ல்' வாயில் வராது, 'ஆம்ஸ்'தான். நான் ஒரு வருடம் 'ல்' போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை, அதுதான் இந்த ஊர் மரியாதை.

20 அக்டோபர், தீபாவளி | கடைமடை

கீழே ஒருவர் "பழைய பாழடைந்த கட்டடம், ஈரம், எலி, அதுதானே" என்று எழுதியிருக்கிறார். ஈரம் உண்மை, மறுக்கவில்லை. எங்கள் ஏழாம் எண் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு பிப்ரவரியும் ஒரே இடத்தில் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு கறை வரும். பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் வேறு இருந்தது, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட அனுமதி வாங்குவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடும்.

ஆனால் எல்லாம் பழசு இல்லை. நான்கு நாளைக்கு முன்னால்தான் இந்த நாட்டின் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு ஒரு ஆம்ஸ்ஹவுஸுக்குப் போயிருக்கிறது. லண்டன் பெர்மான்ட்ஸியில் ஆப்பிள்பி புளூ, 59 வீடுகள், 65 வயதைத் தாண்டிய சதக் பகுதி ஆட்களுக்கு. கட்டிய அறக்கட்டளையின் வேர் 1541-க்குப் போகிறது. எனக்கு அதில் பிடித்த விஷயம், கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டிக் கட்டியிருப்பது. கண்ணாடி வழியே பேருந்தும் ஆளும் தெரியும். கிழவர்களை மரத்தடியில் அமைதியாக உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் கிழவர்களோடு பேசிப் பார்க்காதவர்கள். எங்கள் வீடுகளில் எப்போதும் முதலில் கேட்கப்பட்டது தெருப்பக்க வீடுதான். தோட்டப்பக்க வீடு காலியானால் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும்.

தீபாவளி என்றதும் நினைவு வருகிறது. முதல் வருடம் வீட்டுக்கு நான்கு என்று முறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பதாம் எண் அம்மாள் பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு, முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட்டார். "நல்ல பிஸ்கட், கொஞ்சம் ஓவராக வெந்துவிட்டது" என்றார். மறு வருடம் தேன்குழல் கொண்டுபோனேன்.

22 அக்டோபர் | கடைமடை

வைகைக்கரையான் தனிச்செய்தியில் 'இதில் பொறி எங்கே' என்று கேட்டிருந்தார். இருக்கிறது. மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர் குடித்தனக்காரர் இல்லை. அறக்கட்டளையின் பயனாளி. ஒப்பந்தம் கிடையாது, 'நியமனக் கடிதம்' உண்டு. வாடகை என்ற சொல்லுக்கு எங்கள் தலைவர் இருமியது இதற்குத்தான். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போய், பயனாளியாக இருப்பவருக்குக் குடித்தன உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. வீட்டை விலைக்குக் கேட்கும் உரிமையும் கிடையாது. (அந்த உரிமை இருந்திருந்தால் இந்த வீடுகளில் பாதி எப்போதோ விற்றுப் போயிருக்கும் என்பது அறங்காவலர்கள் வாதம். அது தப்பில்லை.) நாளைக்கே தெருவில் தள்ளிவிட முடியாது, முறையான அறிவிப்பும் நீதிமன்ற ஆணையும் வேண்டும். ஆனாலும் சாவி உங்கள் கையில், பிடி அவர்கள் கையில்.

நான் கண்ட ஒன்று. இரண்டாம் எண்ணில் இருந்தவருக்கு ஒரு தம்பி. தம்பி மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் படுத்தான். ஒரு வாரம் என்றது மூன்று மாதம் ஆயிற்று. நியமனக் கடிதத்தில் 'அனுமதியின்றி வேறு எவரும் தங்கலாகாது' என்று தெளிவாக இருக்கிறது. அறங்காவலர் குழு கூடியது. தம்பி போகவில்லையென்றால் அண்ணனின் நியமனம் ரத்து என்று எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்தவன் நான்தான். கடிதத்தைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுத் திரும்பினால், அவர் வாசலில் நின்று ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு என்னையே பார்க்கிறார். தம்பி அந்த வாரமே போய்விட்டான். அண்ணன் அதற்கப்புறம் என்னோடு பேசியதெல்லாம் கொதிகலன் விஷயம் மட்டும்தான்.

சட்டப்படி நாங்கள் செய்தது சரி. இன்றைக்கும் அந்த வாசலை நினைத்தால் என்னவோ போலிருக்கும்.

25 அக்டோபர் | கடைமடை

"நம்ம சத்திரம் மாதிரி என்று சொல்லி முடிக்க வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு நீட்டுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் சத்திரம் இல்லை.

நான் ஒரத்தநாட்டுக்காரன். சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவன். சத்திரம் வழிப்போக்கருக்கு. ராமேஸ்வரம் போகிறவன் வருவான், சாப்பிடுவான், படுப்பான், விடிந்தால் போய்விடுவான். யார், எந்த ஊர் என்ற கேள்வி இரண்டாம்பட்சம். ஆம்ஸ்ஹவுஸ் இதற்கு நேர் எதிர். நீ இந்த ஊர்க்காரனா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வந்தவன் போகக் கூடாது, கடைசி வரை அங்கேயே இருக்க வேண்டும், அதற்காகத்தான் வீடே.

இரண்டையும் ஒரே வாசலில் பார்க்க ஆசையென்றால் வின்செஸ்டரில் செயின்ட் கிராஸ் இருக்கிறது. 1130-களில் ஹென்றி ஆஃப் புளுவா என்ற பிஷப் ஆரம்பித்தது, முதலாம் வில்லியம் மன்னரின் பேரன். இன்றைக்கும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள், விசேஷ நாட்களில் கறுப்பு அங்கி, இன்னொரு பிரிவினர் சிவப்பு அங்கி. வாசலில் நின்று 'வழிப்போக்கர் படி' என்று கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் கொம்புக் குவளையில் கொஞ்சம் பியரும் தருவார்கள். நானும் கேட்டு வாங்கினேன். ரொட்டி சுண்டுவிரல் அளவு. நம் ஊர்ப் பந்தியை நினைத்துக்கொண்டேன்.

நம் பக்கம் கொஞ்சம் கிட்டே வருவது சென்னை ராயபுரத்து மணியக்காரர் சத்திரம். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தது. அந்தக் கஞ்சித்தொட்டியிலிருந்துதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வளர்ந்தது, பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். சத்திரம் முதியவர்கள் தங்கும் இடமாக மாறியது.

மெட்ராஸ் என்றதும் இன்னொன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்கே ஒரு ஆம்ஸ்ஹவுஸ் இருந்தது, லண்டன் பாப்லரில், 1620-களிலிருந்து. கை கால் போன மாலுமிகளும் செத்துப்போனவர்களின் விதவைகளும் அங்கே இருந்தார்கள். நம் கரைக்குக் கப்பலோட்டி வந்தவர்களில் சிலராவது அங்கே போய்த்தான் கண்ணை மூடியிருப்பார்கள். 1866-ல் இடத்தை விற்று, இப்போது பூங்கா. பக்கத்திலேயே கம்பெனியின் தேவாலயம் மட்டும் நிற்கிறது.

26 அக்டோபர் | கடைமடை

திருத்தம். மேலே எல்லாம் முதியவர்களுக்கே என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இல்லை, சில அறக்கட்டளைகள் வயது குறைந்தவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

29 அக்டோபர் | கடைமடை

இன்னொரு திருத்தம், இது பெரியது. தனிச்செய்தியில் "முப்பது வருடம் அந்த ஊரில் இருக்கிறார், கவலையே வேண்டாம்" என்று சொன்னேன். அவசரப்பட்டேன். ஊர் என்றால் எது என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் பத்திரத்தில் 'இப்பங்கின் ஏழைகள்' என்று இருந்தது. பங்கு என்பது தேவாலயத்தின் பங்கு. அதன் எல்லை ஒரு தெருவின் நட்டநடுவில் போகிறது. இடதுபக்க வீடுகள் உள்ளே, வலதுபக்க வீடுகள் வெளியே. வலதுபக்கத்தில் 41 வருடம் இருந்த ஒரு அம்மாள் விண்ணப்பித்தார். எங்கள் வீடுகளிலிருந்து அவர் வாசல் தெரியும். பதினோராம் எண்ணில் அவருடைய சிநேகிதி, தினம் காலையில் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கவுன்சில் அவருக்குப் பதினெட்டு மைல் தள்ளி ஒரு ஃபிளாட் கொடுத்தது. பதினோராம் எண்ணுக்கு இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை.

எல்லையை விரிக்க அறக்கட்டளை ஆணையத்துக்கு எழுதலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். எழுதினோம். நடந்தது. அந்த அம்மாளுக்குப் பிரயோஜனமில்லாமல் நடந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. நான்கு வருடத்தில் எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் நம் நிறத்துக்காரர்கள் இரண்டே பேர். யாரும் தடுக்கவில்லை. வீடு காலி என்ற அறிவிப்பு தேவாலயத் தாழ்வாரத்திலும் செய்தித்தாள் கடையிலும் ஒட்டப்படும், மீதி வாய்வழி. தேநீர் குடிக்கப் போகும் வீடு இருந்தால் சேதி காதில் விழும், இல்லாதவனுக்கு விழாது. உங்கள் பெரியப்பாவுக்கு அந்தப் பாட்டி இருக்கிறார். அறிவிப்பு அவர்தான். மசூதிக்கும் கோயிலுக்கும் ஒரு நகல் அனுப்பலாமே என்று எனக்கே மூன்றாவது வருடம்தான் தோன்றியது, ஆகையால் யாரையும் குறை சொல்ல வாயில்லை.

3 நவம்பர் | கடைமடை

யாரோ ஒரு செய்தித் துணுக்கைப் போட்டு, 'ஆம்ஸ்ஹவுஸில் இருந்தால் ஆயுள் கூடும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி நிஜம்தான். 2023-ல் லண்டன் பேய்ஸ் வணிகப் பள்ளி வெளியிட்டது (பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எண்ணியது இறப்புகளைத்தான் என்றாலும்). பழைய பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற ஆம்ஸ்ஹவுஸ், 1611-ல் தாமஸ் சட்டன் பணத்தில் வந்தது, அங்கே 73 வயதில் நுழையும் ஆண், அதே வசதியிலுள்ள வெளி ஆளைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் கூட இருக்கலாம் என்று கண்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தனியாக நடமாட முடிந்தவரைத்தானே உள்ளே எடுக்கிறோம், படுத்த படுக்கையானவரை எடுப்பதில்லையே. எடுக்கும்போதே கொஞ்சம் கெட்டியான ஆள்தான் வருகிறார்.

ஆனால் காரணம் என்னவென்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். திரைச்சீலை. எங்கள் முற்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று: காலை ஒன்பதுக்குள் முன்ஜன்னல் திரை திறந்திருக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒரு ஜனவரி, நான்காம் எண்ணின் திரை ஒன்பதேகாலுக்கும் மூடியிருந்தது. ஐந்தாம் எண் தட்டினார். பதில் இல்லை. எட்டாம் எண் ஊன்றுகோலோடு வந்து ஜன்னலைத் தட்டினார். எனக்குப் போன் வந்தபோது மணி 9.25. மாற்றுச் சாவியோடு ஓடினேன். அந்த மனிதர் அடுப்படித் தரையில், ஒரு கால் நாற்காலிக்கு அடியில், முழு நினைவோடு கிடந்தார். "கெட்டிலை யாராவது அணையுங்கள்" என்றார். இடுப்பெலும்பு முறிவு. ஆறு வாரத்தில் திரும்பி வந்து, ஐந்தாம் எண் தன் அந்தரங்கத்தில் தலையிடுவதாக எனக்கே புகார் எழுதினார்!

தனி ஃபிளாட்டில் இருந்திருந்தால் எத்தனை மணிக்குக் கண்டுபிடித்திருப்பார்கள்? ஆராய்ச்சிக்காரர்கள் இதை 'சமூக உணர்வு' என்கிறார்கள். ஐந்தாம் எண்ணுக்கு அது வம்பு. எனக்கும் வம்பாகத்தான் பட்டது, அந்த ஜனவரி வரை.

9 நவம்பர் | கடைமடை

பெரியப்பாவின் தன்மானத்துக்கு மருந்து கேட்டிருக்கிறார் வைகைக்கரையான். வட இங்கிலாந்தின் டர்ஹாம் கதையைச் சொல்லுங்கள்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்குக் குடியிருக்க வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். நாற்பது ஐம்பது வருடம் குழிக்குள் குனிந்தவன், முதுகு நிமிராத வயதில் சாமானோடு தெருவில். இதைப் பார்த்துக் கொதித்த ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, பிரசங்கியும்கூட, ஒரு யோசனை சொன்னார்: வேலையிலிருக்கும் ஒவ்வொருவனும் கூலியிலிருந்து கொஞ்சம் போடட்டும், கிழவர்களுக்கு வீடு நாமே வாங்குவோம். 1898-ல் சங்கம். 1899-ல் ஹாஸ்வெல் மூரில், மூடிப்போன சுரங்கத்தின் காலி வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுக் குடியேற்றினார்கள். பிரபுவும் இல்லை, பிஷப்பும் இல்லை. அந்தச் சங்கத்தின் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

அப்படிப் பார்த்தால் ஆம்ஸ்ஹவுஸ் எதுவும் ஒருகாலத்திலும் சும்மா கிடைத்ததில்லை. 1437-ல் யூவெல்ம் என்ற ஊரில் சஃபோக் பிரபுவும் சீமாட்டியும் பதின்மூன்று ஏழைகளுக்கு வீடு கட்டினார்களே, பதிலுக்கு அந்தப் பதின்மூன்று பேரும் கொடுத்தவர்களின் ஆன்மாவுக்காக நாள்தோறும் ஜெபிக்க வேண்டும். ஜெபம்தான் வாடகை. ஜெர்மனியில் அவுக்ஸ்புர்க் நகரத்தில் ஃபுக்கராய் என்ற பழைய ஏழைகள் குடியிருப்பில் இன்னும் அதே கணக்கு: வருட வாடகை 88 செண்ட், கூட நாளுக்கு மூன்று ஜெபம். இரவு பத்துக்கு மேல் வந்தால் காவலாளிக்குச் சில்லறை. மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா இருந்த இடம் அது. பெரியப்பா அவரைவிட ஒசத்தியா என்று கேளுங்கள்.

(இல்லை, கேட்காதீர்கள். பெரியப்பாக்களிடம் இந்தத் தர்க்கம் எடுபடாது. என் அப்பாவிடம் பேசிப் பழகியவன் சொல்கிறேன்.)

10 நவம்பர் | கடைமடை

குரோய்டனில் டிராமில் போகிற நம்மவர்கள் ஏராளம். ஜார்ஜ் தெரு முனையில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று சாலையை இடறிக்கொண்டு நிற்குமே, அதுவும் இதே ஜாதிதான், பேராயர் விட்கிஃப்ட் 1599-ல் கட்டி முடித்தது. சாலையை அகலப்படுத்த இடிக்கப் பார்த்தார்கள், 1923-ல் பிரபுக்கள் சபையில் தடுத்தார்கள். நான் ஆறு வருடம் அதைச் சிறைச்சாலை என்று நினைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

24 நவம்பர் | கடைமடை

வைகைக்கரையானிடமிருந்து சேதி: பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டார். பாட்டிதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீடு எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், 'பின்னால் கறிவேப்பிலைத் தொட்டி வைக்க ஜன்னல் இருக்கிறது' என்றாராம். சரி, ஆள் விழுந்துவிட்டார்.

நேர்காணலுக்குச் சில விஷயம். சேமிப்பு எவ்வளவு என்று கேட்பார்கள், உச்சவரம்பு அறக்கட்டளைக்கு அறக்கட்டளை வேறுபடும், மறைக்க வேண்டாம். ஊரில் நிலம் இருந்தால் அதையும் சொல்லிவிடவும். "ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள்" என்று கேட்பார்கள். 'போக்கிடம் இல்லை' என்று மட்டும் சொன்னால் அவர்கள் குனிந்து தாளைப் பார்ப்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மருத்துவர், நூலகம், பெரியம்மாவின் கல்லறை, பாட்டியின் வீடு எல்லாம் நடக்கும் தூரத்தில் என்று சொல்லட்டும், உண்மையும் அதுதானே. தாளிப்பு வாசம் பற்றி யாராவது முகம் சுளித்தால் அது நியமனக் கடிதத்தில் இல்லை. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விடுமுறைக்குப் போய் ஒரு மாதம் படுக்கப் போகிற ஆள் என்று படுகிறது.

11 ஜனவரி 2026 | கடைமடை

கிடைத்துவிட்டது என்று இன்று காலை செய்தி. ஆறாம் எண், தெருப்பக்கம்.

ஒன்றே ஒன்று. குளியலறையிலும் கட்டிலருகிலும் கூரையிலிருந்து சிவப்புக் கயிறு தொங்கும், இழுத்தால் உதவிக்கு ஆள் பேசும். விளக்குக் கயிறு என்று நினைத்து இழுத்துவிட்டு, நடுராத்திரியில் சுவர் பேசுகிறதே என்று அலறுவார்கள். அப்புறம் கைபடக் கூடாதென்று மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நான் போன வீட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான், நான்காம் எண்ணிலும். விழுந்தவர் தரையில் இருப்பார், கயிறு மூன்றடி உயரத்தில் இருக்கும். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கயிறு தரையைத் தொட வேண்டும்.

நீங்கள் போகும்போது நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட்டால் தொங்குகிறது என்றுதான் சொல்வார்.